பந்தும் பந்தியும்: பல்வங்கர் பாலுவின் ஆட்ட வாழ்வு

நம் ஊர்களில் ஒரு விருந்து நடக்குமாயின், சமைத்த கறிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பந்தியின் ஒழுங்கே அவ்வூரின் இயல்பைக் காட்டிக்கொடுக்கும். யாருக்கு முதற்பந்தி, யாருக்குக் கடைப்பந்தி, யாருக்குப் பந்தலுக்கு வெளியே இலை என்பதை ஒருமுறை கண்டவர் அவ்வூரின் எழுதாத சட்டங்களையெல்லாம் படித்தவர் ஆவார். விளையாட்டுத் திடலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். திடலில் ஒருவன் எவ்வளவு சிறப்பாக ஆடினான் என்பதை ஏடுகள் குறித்துவைக்கின்றன. ஆட்டம் முடிந்தபின் அவன் எங்கே அமர்ந்து எந்தக் கலத்தில் உண்டான் என்பதைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி முழு வரலாறு கிட்டாது. அவ்வாறு படிக்கத்தக்க ஒருவரின் வாழ்வை இம்மலரில் எண்ணிப்பார்க்க விழைகின்றோம். அவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கிய பல்வங்கர் பாலு.

மராட்டிய மண்ணில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் குளத்தூரை நினைவிற்கொண்டு எழுதுவது ஏன் என்னும் வினா எழலாம். அதற்கு விடை நம் மண்ணிலேயே உள்ளது. குளத்தூரும் பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தில், வெங்ஙானூர் என்னும் சிற்றூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. பொதுச்சாலையில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய அவர், 1893இல் வில்வண்டி ஒன்றில் தலைப்பாகையுடன் அமர்ந்து அச்சாலையிலே ஓட்டிச் சென்றார். ஏறத்தாழ அதே காலத்தில், புனே நகரில் ஓர் இளைஞர் வெள்ளையர் சங்கத்தின் திடலில் உருளை இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கையில் வண்டிக் கயிறு. மற்றவர் கையில் பந்து. இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் முன்னும் அடைபட்டு நின்ற கதவு ஒன்றே.

திடலைச் செப்பனிட்ட கை

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தார். பல்வங்கர் என்னும் குடும்பப்பெயர் கொங்கணக் கடற்கரையை அடுத்த பல்வண் என்னும் ஊரால் வந்தது. அவர் குலம் சாம்பார் எனப்படும் தோல்தொழிலாளர் குலம். அக்காலத்துச் சாதி ஒழுங்கில் அது தீண்டத்தகாதோர் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. தந்தையார் படைத்துறை சார்ந்த பணியில் இருந்தமையால் குடும்பம் புனேயில் வாழ்ந்தது. படைவீரர்கள் ஆடிக் கழித்த பந்தையும் மட்டையையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டத்தைக் கற்றனர்.

முதலில் பார்சிகள் நடத்திய ஒரு சங்கத்தில் திடலைப் பெருக்கிச் செப்பனிடும் வேலை கிடைத்தது. மாதக் கூலி 3 ரூபாய். 1892 அளவில் ஐரோப்பியரின் புனே சங்கத்திற்கு மாறினார். அங்கே கூலி 4 ரூபாய். உருளை இழுத்தல், கோடு போடுதல், வலை கட்டுதல் ஆகியன அவர் வேலை. ஒருநாள் ஆங்கிலேயர் ஒருவர் பயிற்சிக்காக அவரைப் பந்து வீசுமாறு பணித்தார். வீசிய பின்னரே அந்த இடக்கையின் அருமை பலருக்கும் புலனாயிற்று.

அக்காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கில மட்டையாளருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்ட ஜே. ஜி. கிரெய்க் என்னும் படைத்தலைவர், பாலுவின் வீச்சில் நாள்தோறும் பயின்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எட்டணா கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பாலு மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அவருக்குப் பந்து வீசினார். ஆனால் அத்திடலில் ஒரு நாளேனும் மட்டையைப் பிடிக்க அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மட்டை பிடிப்பது துரைமார் உரிமை. பந்து வீசுவது உழைப்பாளி வேலை.

இப்பிரிவினை ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்தே கொணர்ந்தது. இங்கிலாந்தில் ஊதியம் பெறாது ஆடுவோர் ‘கனவான்கள்’ எனவும், கூலிக்கு ஆடுவோர் ‘ஆட்டக்காரர்கள்’ எனவும் பிரிக்கப்பட்டிருந்தனர். இரு சாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. திடலுக்குள் வரும் வாயிலும் பல இடங்களில் வேறு. 1962இல்தான் அப்பிரிவு அங்கே நீக்கப்பட்டது. அத்தகைய வகுப்புப் பிரிவின்மீது நம் நாட்டுச் சாதிப்பிரிவும் சேர்ந்துகொண்டால் நிலை எவ்வாறிருக்கும் என்பதற்கு பாலுவின் வாழ்வே சான்று.

மண்கலத்தில் தேநீர்

புனே நகர இந்துக்கள் தமக்கென ஒரு சங்கம் வைத்திருந்தனர். ஐரோப்பியரை ஆட்டத்தில் வெல்லவேண்டும் என்பது அவர்தம் நீண்டநாள் ஆசை. பாலுவைச் சேர்த்துக்கொண்டால் வெற்றி கிட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சேர்த்துக்கொண்டால் ஆசாரம் கெடும் என்பதும் அவர்தம் அச்சம். வழக்காடி முடிவில் ஆசை வென்றது; ஆயினும் ஆசாரம் முற்றும் தோற்றுவிடவில்லை. திடலுக்குள் எல்லாரும் தொட்ட பந்தையே பாலுவும் தொட்டார். இடைவேளையில் மற்றையோர் கூடத்துள் பீங்கான் கிண்ணங்களில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்கலத்தில் தேநீர் தரப்பட்டது. முகம் கழுவ நீர் வேண்டுமாயின் அவர் குலத்தைச் சேர்ந்த பணியாள் ஒருவரே திடலின் மூலையில் நின்று ஊற்றவேண்டும். உணவும் தனித்தட்டில், தனிமேசையில்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பந்து கைக்குக் கை மாறும்போது தீட்டில்லை; கிண்ணம் மாறும்போது தீட்டு. வெற்றி வேண்டியிருந்தபோது வேண்டப்பட்ட அதே கை, விருந்து தொடங்கியதும் வேண்டாத கையாயிற்று. உழைப்பை மட்டும் உள்ளே அனுமதித்து உழைத்தவனை வெளியே நிறுத்தும் இவ்வழக்கம் ஒரு சங்கத்தின் குற்றமன்று. ஒரு நாட்டின் வழக்கமாகவே அது இருந்தது.

சென்னையிலும் இதன் மற்றொரு வடிவத்தைக் காண்கிறோம். சேப்பாக்கம் திடலில் ஆடவந்த இந்தியர்கள், ஐரோப்பியர் கூடத்துள் உணவருந்த, தாங்கள் மரநிழலில் அமர்ந்து உண்ண நேர்ந்தது. அதனைப் பொறாத புச்சிபாபு நாயுடு, 1888இல் இந்தியர்க்கென்றே சென்னை ஐக்கிய சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆங்கிலேயர் இந்தியரை மரத்தடியில் அமர்த்தினர்; இந்தியருள் சிலர் வேறு சில இந்தியரைச் சுவருக்கு வெளியே நிறுத்தினர். முன்னதைக் கண்டு கொதித்த நெஞ்சங்கள் பல பின்னதைக் கண்டு வாளாவிருந்தன என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியுள்ளது.

வெற்றியும் அதன் எதிரொலியும்

பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுபவர். கையசைவில் வேறுபாடு தெரியாமலே பந்தின் வேகத்தையும் உயரத்தையும் மாற்றுவார். விழுந்த இடத்திலிருந்து இருபுறமும் திருப்புவார். மட்டையாளர் பந்து இன்ன இடத்தில் விழும் என்று காலெடுத்து வைப்பதற்குள் அது வேறோரிடத்தில் விழுந்திருக்கும். சாத்தாரா நகரத்து ஐரோப்பியச் சங்கத்தை எதிர்த்து ஆடியபோது, அவர் வீச்சை மழுக்குவதற்காகவே திடலைப் பல நாள் உருளையிட்டு இறுக்கினர் என்றும், அதன்பின்னும் அவர் 7 பேரை வீழ்த்தினார் என்றும் கூறுவர். புனே திரும்பியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை சூட்டினார்.

புனேயில் கொள்ளைநோய் பரவிய 1890களின் இறுதியில் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். வாழ்விடம் விட்டு நகரம் நோக்கிச் சென்றவர் நிலையை நம் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பம்பாய், பரோடா, மத்திய இந்தியா இருப்புப்பாதை நிறுவனத்தில் அவருக்கு வேலை அமைந்தது. இந்து ஜிம்கானா என்னும் சங்கத்தில் ஆடினார். அங்கும் தொடக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. எனினும் அங்கே அவர் பிறருடன் சேர்ந்தமர்ந்து உண்ணும் நிலை காலப்போக்கில் ஏற்பட்டது. பந்தி சிறிது நகர்ந்தது என்க.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்டங்களால் இந்துக்கள் வென்றனர். அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. சிவராமும் அவ்வணியில் இருந்தார். வங்கப் பிரிவினையால் நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு அக்டோபரில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. வெள்ளையரை அவர்தம் ஆட்டத்திலேயே வெல்லலாம் என்னும் செய்தி கடலோரத்தும் திடலிலும் ஒருங்கே பிறந்தது.

அவ்வெற்றியின் உட்பொருளை உணர்ந்து எழுதிய இதழ்களுள் ஒன்று ‘இந்தியன் சோஷல் ரிஃபார்மர்’. அதன் ஆசிரியர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த காமாட்சி நடராசன். 1890இல் சென்னையில் தொடங்கிய அவ்விதழ் 1898இல் பம்பாய்க்குச் சென்றது. சாம்பார் குலத்து உடன்பிறந்தாரைப் படிப்படியாகத் தம்முடன் சேர்த்துக்கொண்டதே இந்துக்களின் வெற்றிக்கு வழிகோலிற்று, பிரித்தாளும் பழைய வழக்கங்களிலிருந்து நாடு விடுபடுவதற்கு அது ஒரு மைல்கல் என்னும் கருத்தை அவ்விதழ் எடுத்துரைத்தது. புலம்பெயர்ந்து சென்ற தமிழர் ஒருவரின் இதழ், பம்பாய்த் திடலில் பந்தை மட்டும் பாராது பந்தியையும் பார்த்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

கடல்கடந்த கோடைக்காலம்

1911இல் பாட்டியாலா மன்னர் பூபீந்தர்சிங் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பல சமயத்தாரும் கலந்த அவ்வணியில் பாலுவும் சிவராமும் இடம்பெற்றனர். அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஆண்டு. அணித்தலைவரான மன்னர் விருந்துகளிலும் விழாக்களிலும் ஈடுபட்டுப் பெரும்பாலான ஆட்டங்களுக்கு வரவில்லை. சிறந்த மட்டையாளரான மிஸ்திரியையும் தம் செயலாளர் என்னும் முறையில் உடன் வைத்துக்கொண்டார். முதல்தர ஆட்டங்கள் பதினான்கனுள் இந்திய அணி வென்றவை இரண்டே. லெஸ்டர்ஷயர், சாமர்செட் அணிகள் அவர்களிடம் தோற்றன.

தோல்வி மலிந்த அச்செலவில் ஓங்கி நின்றவர் பாலு ஒருவரே எனலாம். முப்பத்தைந்தை எட்டிய வயதில், பழகாத குளிரில், அவர் 114 பேரை ஆட்டமிழக்கச் செய்தார், சராசரி 18.84. அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் பெற்றவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கெதிராக ஒரே முறையாட்டத்தில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 பேரை வீழ்த்தினார். தம் வாழ்நாளில் 33 முதல்தர ஆட்டங்களே ஆடிய அவர் 179 விக்கெட்டுகளை 15.21 என்னும் சராசரியில் எடுத்தார். இந்தியா தன் முதல் தேர்வாட்டத்தை ஆடிய 1932இல் அவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். ஆதலின் தேர்வாட்டப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தாயகம் மீண்ட பாலுவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு நிகழ்த்தினர். அவ்விழாவிற்குரிய வாழ்த்துரையில் பங்குகொண்ட இளைஞர் பீமராவ் அம்பேத்கர் என்று இவ்வரலாற்றை விரிவாக எழுதிய இராமச்சந்திர குஹா குறிப்பிடுகிறார். தம் மக்களுள் ஒருவர் உலகறியத் தலைநிமிர்ந்தார் என்னும் மகிழ்ச்சி அவ்விளைஞர் நெஞ்சில் நிறைந்திருந்தது.

எட்டாத தலைமை

இத்துணைப் புகழ் பெற்றவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை தரப்பட்டதா? தரப்படவில்லை. 1910 முதல் பத்தாண்டுகள் அவ்வினா ஆண்டுதோறும் எழுந்தது. ஆண்டுதோறும் வேறொருவர் தலைவரானார். 1913இல் தலைமையேற்ற எம். டி. பை, தமக்கு அளிக்கப்பட்ட அச்சிறப்பு மூத்தவரும் தகுதிமிக்கவருமான பாலுவுக்கே உரியது என்று மேடையிலேயே கூறினார். உண்மையைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அதனைச் செயலாக்கும் துணிவு தேர்வாளர்க்கு இல்லை.

1920இல் பாலுவை அணியிலிருந்தே விலக்கினர். தலைமைக்கு உரிய தகுதி வாய்ந்திருந்த தம்பி விட்டலும் புறக்கணிக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். மறுப்பின் காரணத்தை வெளிப்படையாக அறிவித்தனர். பொதுமக்கள் கருத்து அவர் பக்கம் திரும்பியது. முடிவில் சகோதரர் மீண்டும் அழைக்கப்பட்டனர், பாலு துணைத்தலைவரானார். ஆட்டத்தினிடையே தலைவர் சிறிதுபோது திடலை விட்டு அகல, பாலு அணியை நடத்தினார். இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குக் கிட்டிய தலைமை அத்துணையே. காங்கிரசின் நாகபுரி மாநாடு தீண்டாமை ஒழிப்பை நாட்டின் கடமையாக ஏற்றதும் அதே 1920ஆம் ஆண்டின் இறுதியில்தான்.

1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று வாகைசூடினார். மக்கள் அவரைத் தோளில் சுமந்தனர். தமையனுக்கு மறுத்ததைத் தம்பிக்கு அளித்து நாடு தன் கடனில் ஒரு பகுதியை அடைத்தது. விட்டல் பின்னாளில் மராத்தியில் எழுதிய தன்வரலாறு இந்நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த அரிய சான்று.

பிரிந்த வழிகள்

பாலுவின் பிற்கால அரசியல் வாழ்வு எளிதில் தீர்ப்புக்கூற இயலாத ஒன்று. ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். கூட்டுத்தொகுதியே போதும் என்ற சென்னை எம். சி. இராசாவின் பக்கம் நின்றார் பாலு. 1932 செப்டம்பரில் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது உருவான புனே உடன்பாட்டில், அம்பேத்கர், இராசா, இராசாசி ஆகியோருடன் பாலுவும் கையெழுத்திட்டார். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

ஒருகாலத்தில் வாழ்த்துரைத்தவரும் வாழ்த்துப் பெற்றவரும் எதிரெதிரே நின்ற காட்சி நம் நெஞ்சை வருத்துகிறது. பாலு தம் திறமையால் உயர்சாதியார் மனத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக் கண்டவர். ஆகவே மனமாற்றத்தில் நம்பிக்கை வைத்தார். அம்பேத்கரோ, ஒருவன் பந்து வீசி 114 பேரை வீழ்த்தினாலன்றி அவனுக்குக் கிண்ணம் கிடையாது என்றால், பந்து வீசத் தெரியாத இலட்சக்கணக்கானோர் கதி என்ன என்று கேட்கும் இடத்தில் நின்றார். அவ்வினாவுக்கு மனமாற்றம் மட்டும் விடையாகாது. சட்டமும் உரிமையும் வேண்டும் என்பதே எம் கருத்து. ஆயினும் மண்கலத்தில் தேநீர் அருந்திக்கொண்டே கதவைத் திறக்கப் பாடுபட்டவரின் நம்பிக்கையை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

அத்தேர்தல் நடந்த 1937இன் தொடக்கத்தில் நம் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிக்கை வெளியான பின், சனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்து அய்யன்காளியைக் கண்டார். சாலைக்கும் பள்ளிக்கும் நிலத்துக்கும் கூலிக்கும் போராடிய அம்முதியவர், திறமை காட்டியவர்க்கு மட்டும் சலுகை கேட்கவில்லை. பிறந்தவர் யாவர்க்கும் கேட்டார். பாலுவின் வாழ்வையும் அய்யன்காளியின் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்க்கே இரண்டின் அருமையும் விளங்கும்.

நமக்குரிய பாடம்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்கரின் தளக்கட்டுப் பந்தாட்டத்தில் சாச்செல் பெய்ஜ் என்னும் கறுப்பினப் பந்துவீச்சாளர், ஏறத்தாழ இருபதாண்டுகள் தம் இனத்தார்க்கென ஒதுக்கப்பட்ட அணிகளிலேயே வீசினார். 1947இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்த பின்னரே, 1948இல், தம் 42ஆம் வயதில் அவர் பேரணி ஒன்றில் இடம்பெற்றார். கடல்கள் வேறு, பந்துகள் வேறு; காக்கவைத்த கதவு ஒன்றே.

பாலு 1955 சூலை 4ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். அவர் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 2001இல் வந்த ‘லகான்’ திரைப்படத்தின் கச்ரா என்னும் பாத்திரம் பலருக்கும் அவரை நினைவூட்டியது.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் குளத்தூரிலும் பாறசாலையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் எல்லைக்கோட்டின் அருகே வாழ்கின்றன. அங்கிருந்தும் பிற தமிழ் ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடித் தொலைவு சென்றோரும் பலர். பிறர் திடலைச் செப்பனிடும் வாழ்வு அவர்களுக்குப் புதிதன்று. நம் உழைப்பை ஏற்பவர் நம்மையும் ஏற்கவேண்டும் என்று நாம் கேட்கின்றோம், அது முறையே. அதே வாயால் நம் சங்கத்து விருந்தில், நம் வீட்டுத் திருமணத்தில், நம் சமையற்கட்டில் யாருக்கேனும் தனிக்குவளை வைத்திருக்கின்றோமா என்றும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பம்பாய்க்குப் புறப்பட்டபோது பாலு சாதியை விட்டுச்செல்ல விரும்பினார். அது அவருக்கு முன்னரே வண்டியேறிவிட்டது. நாமும் ஊர்விட்டு ஊர் வந்தோம். நம் மூட்டைகளுள் அது இருக்கின்றதா எனச் சோதிப்பது நம் கடன்.

நம் பிள்ளைகள் மாலைதோறும் பந்தோடு ஓடுகின்றனர். அவர்களுக்குப் பாலு வீழ்த்திய 179 விக்கெட்டுகளின் கணக்கைச் சொல்லுவோம். அவர் கையில் கொடுக்கப்பட்ட மண்கலத்தையும் சொல்லுவோம். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, உடன் ஆடிய பிள்ளைகள் அத்தனை பேரையும் அழைத்துவந்து, ஒரே வரிசையில் அமர்த்தி, ஒரேவகைக் குவளையில் நீர் கொடுக்கும் பழக்கம் நம் இல்லங்களில் நிலைக்குமாயின், அதுவே அப்பெருமகனுக்கு நாம் செய்யும் சிறப்பு.